கணினிக்குக் காணி உறுதி

மாம்புரியின் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. சைக்கிள் ரிம்மைத் தின்னும், யன்னல் கம்பியைத் தின்னும், வீட்டுக்குள் துணியால் மூடி வைத்த சாமானையும் தேடிப்பிடித்துத் தின்னும். றுமைஸாவின் பழைய கணினியை அது ஒரு பின்னேரம் தின்று முடித்தது. திரையில் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்தவன் ஓடின மாதிரியே நின்றான். பிறகு நீலமானான். பிறகு ஒன்றும் இல்லாமல் போனான். பெட்டிக்குள்ளிருந்து றப்பர் எரிகிற மணம் வந்தது.

றுமைஸா முன்பள்ளியில் படிப்பிக்கிற பிள்ளை. காலையில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், பின்னேரம் கணினியில் ஆட்களைச் சுட்டுத் தள்ளுவாள். அவளுக்குச் சோடி வதனா. வன்னியிலிருந்து யுத்த காலத்தில் வந்து குடியேறின குடும்பம். அவளுக்கு முந்தல் சந்தியில் ஒரு ஃபோன் கடையில் வேலை. இந்த இரண்டு பேரும் வீட்டிலிருந்தபடியே விளையாடி, இணையப் போட்டி ஒன்றின் முதல் சுற்றுகளை வென்றிருந்தார்கள். அடுத்த சுற்று சிலாபத்தில், ஒரு மண்டபத்தில். கணினியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அதிலும் வென்றால் கொழும்பு. கொழும்பில் வெல்லுகிற சோடிக்கு ஒரு கம்பனி மாதச் சம்பளத்தோடு இடம் தருமாம். அந்த நேரத்தில்தான் கணினி எரிந்தது.

புதிதாக ஒன்று வேண்டும் என்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. எப்படி என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"பாகமா வாங்கிப் பூட்டுவமடி," என்றாள் வதனா. "ரெடியா விக்கிற பெட்டியள்ல வெளிய பார்த்தா கலர் கலரா லைட் எரியும். உள்ள திறந்து பவர் சப்ளையப் பார்த்தா அழுகைதான் வரும். அதே காசுக்கு நாங்கள் பூட்டினா நல்ல கிராபிக்ஸ் கார்ட் போடலாம்."

றுமைஸாவின் வாப்பா நெய்னார் ஒத்துக்கொள்ளவில்லை. மிளகாயும் பீட்ரூட்டும் போடுகிற தோட்டக்காரர் அவர். "நீங்களே பூட்டின சாமான் பழுதாப் போனா ஆரிட்டப் போய்க் கேக்கிற? ரெடியா வாங்கினா ஒரு கடைக்காரன் இரிக்கான். ஏசுறதுக்காவது ஒரு ஆள் வேணுமே மகள்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இன்னும் இரண்டு நாள் சண்டை பிடித்திருந்தால் பாயில் உட்கார்ந்தபடியே ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். ஆனால் வதனாவின் கடைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டப்பட்டிருந்தது. கரையோர இளைஞர் ஊக்குவிப்புச் சபை, இலத்திரனியல் விளையாட்டில் ஈடுபடும் இளைஞர் யுவதிகளுக்கு உபகரண உதவி வழங்கும். செலவில் பெரும்பங்கைச் சபையே ஏற்கும்.

"போய்க் கேளு," என்றார் நெய்னார். "அவங்க படிச்ச ஆக்கள். எது நல்லமெண்டும் சொல்லுவாங்க."

சபையின் காரியாலயத்தில் விண்ணப்பம் எடுக்கிறவர் எமிலியா மிஸ். நல்ல மனுசி. யாரையும் உட்காரச் சொல்லாமல் விடமாட்டார், கதிரைதான் இருக்காது.

"கணினி எடுக்கிற முறை என்ன?" என்று கேட்டார்.

"பூட்டப் போறம் மிஸ்."

"பூட்டுறதுக்கு இந்தப் படிவத்தில நிரல் இல்லையே. நிர்மாணம், கொள்வனவு. ரெண்டுல ஒண்டு சொல்லுங்க."

"பாகங்கள வாங்கி, நாங்களே ஒண்டாச் சேர்த்து…"

"நீங்களே செய்றது எண்டா நிர்மாணம்," என்று எழுதினார் எமிலியா மிஸ். எழுத்து முத்து முத்தாக இருந்தது.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. நிர்மாணம் என்றபடியால் காணி உறுதியின் பிரதி, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், கடற்கரைக்கு அண்மையில் என்றபடியால் கரையோரம் பேணுவதற்கான அனுமதி ஆகியவற்றைச் சமர்ப்பிக்கவும். றுமைஸா கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"மிஸ், இது மேசைக்கு மேல வெக்கிற சாமான்."

"மேசை எதுக்கு மேல இரிக்கு?"

"நிலத்துக்கு மேல."

"அந்த நிலம் ஆருட?" எமிலியா மிஸ் கோபமில்லாமல், குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் கேட்டார். முன்பள்ளியில் றுமைஸா பேசுவதும் இப்படித்தான். தான் பேசுவதைக் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது.

இடம் பார்க்கச் சபைப் பணிப்பாளர் அல்பிரட் சேரே ஜீப்பில் வந்தார். கூட ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும் வந்தார். நெய்னார் இளநீர் வெட்டிக் கொடுத்தார். உத்தியோகத்தர் மேசைக் காலில் அளவு நாடாவின் நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுநுனியோடு கடலைப் பார்த்து நடந்தார். வேலியோரத் தென்னையடியில் நாடா முடிந்தது. மிச்சத்தைக் கண்ணால் அளந்தார்.

அல்பிரட் சேர் இளநீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்தார். "நீங்க இந்த ஊர் ஆக்களா, இடம்பெயர்ந்த ஆக்களா?"

"தொண்ணூறுல மன்னாரால வந்த சேர்," என்றார் நெய்னார்.

"நான் இங்கதான் பொறந்த," என்றாள் றுமைஸா.

"பொறந்தது இங்க. இடம்பெயர்ந்தது அங்க. ரெண்டும் வேற வேற நிரல்." சேர் வருத்தமாகத் தலையை ஆட்டினார். "இதுல ஒரு சிக்கல் இரிக்கு. இடம்பெயர்ந்த ஆக்கள் நிரந்தர நிர்மாணம் செய்றதெண்டா மேலிடத்து அனுமதி எடுக்க வேணும். அதுக்கு மேலிடம் ஒண்டு இரிக்க வேணும். இப்ப அந்தக் கதிரைக்கு ஆள் போடல்ல. ஆனா ஒண்டும் யோசிக்காதீங்க, தற்காலிக நிர்மாணத்துக்கு நானே அனுமதி தருவன். கிடுகு, கம்பு, தகரம். இந்த மூண்டும் பாவிக்கலாம்."

"கணினியக் கிடுகாலயா சேர்?"

"எந்தப் பொருள் எண்டு சபை கட்டாயப்படுத்தாது, மகள். அது உங்கட விருப்பம்."

றுமைஸா வாப்பாவைப் பார்த்தாள். இந்த ஊருக்கு வந்த காலம் முதல் அவர் பதில் சொல்லி வந்த கேள்வி அது. கூப்பன் எடுக்கப் போனபோது, பள்ளிக்கூடத்தில் பெயர் பதியப் போனபோது, வாக்குப் பதிவில், கடைசியாகத் தோட்டத்துக்கு உரம் எடுக்கப் போனபோதும் அதே கேள்வி. பல்லிடுக்கில் சிக்கின நாரை நாக்கால் தள்ளுகிறவர்போல் அவர் வாயைக் கோணிக்கொண்டு, குடித்த இளநீர்க் கோம்பைகளைப் பொறுக்கப் போனார். ஜீப் போன பிறகு றுமைஸா வதனாவுக்கு ஃபோன் எடுத்தாள்.

"பூட்டுறத விடு. ரெடியாவே எடுப்பம்."

"பவர் சப்ளை…"

"கிடுகால செய்யச் சொல்றாங்க வதனா."

"சரி. ரெடியாவே எடுப்பம்," என்றாள் வதனா.

கொள்வனவு நிரலுக்கு மாறினதும் காரியம் சுறுசுறுப்பானது. அதாவது, கூட்டம் வைத்தார்கள். சபை மண்டபத்தில் நீள மேசை, அதன்மேல் பட்டிஸும் ரோல்ஸும் பிளேன்டீயும். அல்பிரட் சேர் நடுவில். ஒரு பக்கம் விளையாட்டு உத்தியோகத்தர், மறுபக்கம் கணக்காளர். இறால் பண்ணை விஷயங்களைப் பார்க்கிற ஒருவரும் இருந்தார். மின்சாரத்தில் ஓடுகிற எதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம், பண்ணைத் தண்ணீரில் காற்றடிக்கிற மோட்டர்கள் அவர் பொறுப்பு என்றபடியால். றுமைஸாவைப் பயனாளிகளின் பிரதிநிதி என்று சொல்லி மேசையின் அந்தலையில் இருத்தினார்கள். பட்டிஸ் அதுவரைக்கும் வரவில்லை.

விளையாட்டு உத்தியோகத்தர் முதலில் கேட்டார். "விளையாட்டு எண்டு சொல்றீங்க. வியர்க்குமா?"

"கொஞ்சம் வேர்க்கும் சேர்."

"குறிப்பு எடுங்க. வியர்வை உண்டு."

கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல கிராபிக்ஸ் கார்ட் எண்டு ஒண்டு இரிக்கு. மொத்தச் செலவுல பாதி இதுக்குத்தான் போகுது. ஒரு அட்டைக்கு இவ்வளவா? எங்கட அச்சகத்துல நல்ல தடிப்பா, பளபளப்பாவே அடிச்சு எடுக்கலாம்."

"அது அட்டை இல்ல சேர். படத்த வரையிற பாகம்."

"படம் வரையிறதுக்கு நாங்க போன வருஷம் பிள்ளைகளுக்குக் கலர் பெட்டி குடுத்த," என்றார் இறால் பண்ணைக்காரர். எல்லாரும் அவரை மதிப்போடு பார்த்தார்கள்.

றுமைஸா எழும்பினாள். போட்டிக்கு நாள் நெருங்குகிறது, பழகாமல் போனால் தோற்றுப்போவோம், கட்டினாலும் சரி, வாங்கினாலும் சரி, ஏதோ ஒன்றை இன்றைக்கே தீர்மானித்தால் பெரிய உதவி என்று பணிவாகச் சொன்னாள்.

அல்பிரட் சேர் கையை உயர்த்தினார். மேசை அடங்கியது.

"மகள், உங்கட அவசரம் எனக்கு விளங்குது. நானும் ஒரு காலத்துல அவசரப்பட்ட ஆள்தான். கட்டுறதா வாங்குறதா எண்டு வீட்டுல இரிக்கிற ஒரு ஆள் ஒரு பின்னேரத்துல முடிவெடுக்கலாம். அது முடிவு, தீர்மானம் இல்ல. தீர்மானம் எண்டா ஆராயணும். ஆராயிறதுக்குக் குழு வேணும். குழுவுக்கு வாகனம் வேணும். இந்தச் சபையில எத்தனையோ குடும்பம் சாப்பிடுது. இண்டைக்கே தீர்மானிச்சா நாளைக்கு இவங்கெல்லாம் எங்க போற? இளைஞருக்கு உதவி செய்யத்தான் நாங்க இரிக்கம். உதவி செஞ்சு முடிஞ்சா, நாங்க இரிக்கிற தேவை என்ன?"

கை தட்டினார்கள். கணக்காளர் கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். சேர் அத்தனையையும் மனதாரச் சொன்னார் என்பதுதான் றுமைஸாவுக்கு அருவருப்பாக இருந்தது. கள்ளன் என்றால் கண்ணில் ஒரு ஓரத்தில் தெரியும். இந்த மனுசனின் கண் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது.

கடைசியில் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கட்டுவதை ஆதரிக்கிறவர்களுக்கும் வாங்குவதை ஆதரிக்கிறவர்களுக்கும் மனத்தாங்கல் வரக்கூடாது என்று, பாதியை வாங்குவது, பாதியைக் கட்டுவது. முதலாம் கட்டம் கொள்வனவு, இரண்டாம் கட்டம் நிர்மாணம். கூட்டம் முடிந்தபோது ஒரு பட்டிஸ் றுமைஸாவிடம் வந்து சேர்ந்தது. உள்ளே மீன் இல்லை, கிழங்கு மட்டும் இருந்தது.

முதலாம் கட்டத்தின் திறப்பு விழாவுக்கு ஊரெல்லாம் பதாகை கட்டினார்கள். பதாகையில் அல்பிரட் சேரின் படம் பெரிது, கணினியின் படம் சிறிது. நெய்னார் வெள்ளைச் சேர்ட் போட்டு வந்தார். வதனா கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். மேடையில் மஞ்சள் துணியால் மூடி ஒரு சாமான் இருந்தது. சேர் நாடாவை வெட்டித் துணியை இழுத்தார்.

அழகான பெட்டி. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. சேர் பொத்தானை அமத்த, உள்ளே மூன்று காற்றாடிகள் சிவப்பும் பச்சையும் நீலமுமாய்ச் சுழன்றன. சனம் கை தட்டியது. முன்வரிசையில் யாரோ மாஷா அல்லாஹ் என்றார்.

றுமைஸாவை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு திரைக்கு முன்னால் இருத்தி, காதில் ஹெட்செட்டை மாட்டிவிட்டார்கள். திரையில் வெளிச்சம் இல்லை. கீபோர்டின் வயர் மேசைக்கடியில் எங்கேயும் போய்ச் சேராமல் தொங்கியது. அவள் பெட்டியின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள். காற்றாடி இருந்தது. காற்றாடியைச் சுற்ற ஒரு சின்ன பற்றரி இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"சேர்," என்றாள் மெதுவாக. "உள்ளுக்கு ஒண்டும் இல்லயே."

"ஓம் மகள். இது முதலாம் கட்டம்." சேர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சனத்தைப் பார்த்தார். "பாருங்க, எங்கட பெட்டி கண்ணாடிப் பெட்டி. உள்ளுக்கு என்ன இரிக்குது, என்ன இல்ல, எல்லாத்தையும் ஆரும் வந்து பார்க்கலாம். இந்தச் சபையில ஒளிவுமறைவு இல்ல. இதத்தான் நாங்க வெளிப்படைத்தன்மை எண்டு சொல்ற."

சனம் இன்னும் பலமாகத் தட்டியது. படம் எடுக்கிறவர் றுமைஸாவைப் பார்த்து, "தங்கச்சி, கொஞ்சம் விளையாடுற மாதிரி இரிங்க," என்றார்.

அவள் விளையாடுகிற மாதிரி இருந்தாள். இருட்டுத் திரையில் தன் முகமும், பின்னால் சேரின் சிரிப்பும் தெரிந்தன. வதனா சனத்துக்கு நடுவிலிருந்து எழும்பி வெளியே போவதும் தெரிந்தது. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. சபையின் பயிற்சியில் உருவான வீராங்கனை என்று கீழே போட்டிருந்தார்கள்.

சிலாபத்துக்கு அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை. வதனாவிடம் அவளுடைய கணினி இருந்தது, றுமைஸாவுக்கு அவள் கடை முதலாளி ஒரு லப்டொப்பை இரவல் தந்தார். கடைக்கணக்குப் போடுகிற லப்டொப். முதலாவது ஆட்டத்தில் அது தாக்குப்பிடித்தது. இரண்டாவது ஆட்டத்தில் றுமைஸா ஒரு சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்து, எதிரியை முன்னால் வரவிட்டு, சுடுகிற நேரத்தில் படம் நின்றது. திரும்ப ஓடத் தொடங்கியபோது அவள் செத்துக் கிடந்தாள். வதனா தனிய நின்று சமாளித்துப் பார்த்தாள். ஏலவில்லை. வென்ற சோடி நீர்கொழும்புப் பொடியன்கள். வந்து கை கொடுத்துவிட்டு, சிங்களத்தில், நீங்கள் எங்களைவிடத் திறம், மெஷின்தான் சரியில்லை என்றார்கள். அப்படிச் சொல்லாமல் போயிருக்கலாம்.

பஸ்ஸில், சிலாபம் கழித்து எங்கேயோ வதனா அழத் தொடங்கினாள். முந்தலில் இறங்கும்வரை அழுதாள். றுமைஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே தென்னந்தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கொழும்பு போனது. சம்பளம் போனது. முன்பள்ளியில் மறுநாள் வண்ணத்துப்பூச்சிப் பாட்டு.

வீட்டில் சாப்பிட்டு முடிந்த பிறகு நெய்னார், "பூட்டுங்க மகள்," என்றார். "ஏசுறதுக்கு ஆள் வேணுமெண்டு சொன்னன்தானே. இந்த அளவுக்கு ஆள் வேணாம்."

பூட்டினார்கள். ஒரே தடவையில் இல்லை. மழைக்கு முந்தி மதர்போர்டும் அதற்குரிய மூளையும், தோட்டத்தில் மிளகாய் விளைந்தபோது புதுப் பவர் சப்ளை, வதனாவின் கடைக்குப் பழுது என்று வந்து அவள் திருத்தின ஒரு பழைய கிராபிக்ஸ் கார்ட். பெட்டி வாங்கக் காசில்லை. ஒரு பிளைவூட் பலகையில் எல்லாவற்றையும் வரிசையாகத் திருகாணியால் முறுக்கி, பலகையைச் சுவரோடு சாய்த்து, உப்புக்காற்று படாமல் மேலே நுளம்பு வலைத் துண்டு ஒன்றைக் கட்டினார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் திரை வெளித்தது, படம் வந்தது, படம் நிற்கவில்லை. வதனா இருந்த இடத்திலிருந்து எழும்பி முற்றத்தை ஒருக்கால் சுற்றிவிட்டு வந்து மறுபடியும் இருந்தாள்.

அடுத்த கிழமை ஜீப் வந்தது.

அல்பிரட் சேருக்கு எப்படித் தெரிந்ததோ. எமிலியா மிஸ்ஸும் படம் எடுக்கிறவரும் பின்னால் வந்தார்கள். சேர் பலகையைப் பார்த்தார், வலையைத் தூக்கிப் பார்த்தார், ஓடுகிற படத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா மிஸ்? இரண்டாம் கட்டம் முடிஞ்சிட்டு."

"இது நாங்க எங்கட காசுல செஞ்ச, சேர்," என்றாள் றுமைஸா.

"அதத்தான் மகள் மக்கள் பங்களிப்பு எண்டு சொல்ற. சபையில எவ்வளவோ திட்டம் இதில்லாமத்தான் பாதியில நிக்குது." சேரின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "முதலாம் கட்டம் காரியாலயத்துல பத்திரமா இரிக்கு. அதுல கை வெக்காதீங்க, அது சபை சாமான். இரண்டாம் கட்டம் உங்கட பொறுப்பு. நல்லாப் பார்த்துக்கொள்ளுங்க, இதுவும் இனிச் சபை சாமான்தான்."

எமிலியா மிஸ் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தார். சபையின் இலச்சினையும் சொத்து இலக்கமும் அச்சடித்திருந்தது. றுமைஸாவின் முகத்தைப் பார்க்காமல் அதைப் பலகையின் ஓரத்தில் ஒட்டி, விரலால் நன்றாகத் தேய்த்துவிட்டார். படம் எடுத்தார்கள். நெய்னார் இந்தத் தடவை இளநீர் வெட்டவில்லை. தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

ஜீப்பின் புழுதி அடங்க முன்னமே றுமைஸா நகத்தால் ஸ்டிக்கரின் மூலையைக் கிளப்பினாள். பசை நல்லதாக இருந்தது. மெல்ல மெல்லத்தான் வந்தது. கிழியாமல் முழுதாக உரித்து எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போனாள். மீன் செதிலும் முட்டைக் கோதும் போடுகிற நீலக் குப்பை வாளி வாசலில் இருந்தது. அதன் வயிற்றில் ஒட்டி, மிஸ் தேய்த்த மாதிரியே விரலால் தேய்த்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு வந்து விளையாட உட்கார்ந்தாள்.

அடுத்த வருஷம் சபையின் சொத்துகளைச் சரிபார்க்கக் கணக்காய்வாளர் ஒருவர் வந்தார். உள்ளே றுமைஸாவும் வதனாவும் அடுத்த போட்டிக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள், கூப்பிட்டது காதில் விழவில்லை. மனுசன் வீட்டைச் சுற்றி வந்தார். குசினி வாசலில் இலக்கத்தைக் கண்டார். கையிலிருந்த இலக்கத்தோடு ஒப்பிட்டார், சரியாக இருந்தது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார், உடனே மூடினார். மூக்கைப் பொத்தியபடி எழுதினார்:

கணினி, ஒன்று. பாவனையில் உள்ளது. நிலை, திருப்தி.